நங்கா பர்பத்: ஒருவரை இறக்கினார்கள், இன்னொருவரை ஏன் முடியவில்லை?

நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "2018 ஜனவரியில் நங்கா பர்பத் மலையில் இரண்டு பேர் சிக்கினார்கள். மீட்புக் குழு போய் அந்தப் பெண்ணை மட்டும் கூட்டி வந்தது. கூட ஏறியவரை அங்கேயே விட்டுவிட்டார்கள். உயிரோடு இருந்தவரை எப்படி விட்டு வரலாம்? முதலில் அந்தப் பெண்தான் எப்படி அவரை விட்டு இறங்கினார்? நாங்களும் நண்பர்கள் சேர்ந்து நம்ம ஊர் மலைகளில் ஏறுகிறோம். எங்களுக்கு இப்படி ஆனால் யார் வருவார்கள்?"

தம்பி, உங்கள் கேள்வியில் கோபம் தெரிகிறது. அந்தச் செய்தி வந்த நாட்களில் எனக்கும் அதே கோபம் இருந்தது. ஆனால் அந்த நான்கு நாட்களில் எந்த நேரத்தில் யார் எந்த உயரத்தில் இருந்தார்கள் என்று வரிசையாக வைத்துப் பார்த்தால், அவரைக் காப்பாற்றும் வாய்ப்பு எங்கே கைநழுவியது என்பது தெரிந்துவிடும். மீட்கப் போனவர்கள் மலையில் கால் வைப்பதற்கு முன்பே அது நழுவிவிட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் மலையைப் பற்றி. நங்கா பர்பத் 8,126 மீட்டர். உலகின் ஒன்பதாவது உயரமான சிகரம். இமயமலையின் மேற்குக் கோடியில், சிந்து நதி வளைந்து போகும் இடத்துக்குப் பக்கத்தில், பாகிஸ்தானின் கட்டுப்பாட்டில் உள்ள கில்கிட் பல்திஸ்தானில் நிற்கிறது. நம்ம பக்கத்து மகேந்திரகிரியை ஏறத்தாழ ஐந்து தடவை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வரும் உயரம். 1934ல் ஜெர்மானியக் குழு ஒன்று புயலில் சிக்கி, தலைவர் வில்லி மெர்க்ல் உட்பட மலையேறிகளும் ஆறு ஷெர்பாக்களும் இறங்கும் வழியிலேயே ஒவ்வொருவராக இறந்தார்கள். 1937ல் இன்னொரு குழுவின் முகாமை ராத்திரியில் பனிச்சரிவு மூடியது. ஒன்பது ஷெர்பாக்கள் உட்பட 16 பேர் போய்விட்டார்கள். 1953 ஜூலை 3ஆம் தேதி ஹெர்மன் பூல் தன்னந்தனியாக, ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் உச்சியைத் தொடுவதற்குள் 31 உயிர்களை அந்த மலை வாங்கிவிட்டது. இதெல்லாம் கோடைக்காலக் கதை.

குளிர்காலத்தில் அங்கே ஏறுவது வேறு விஷயம். பகல் குறைவு, காற்று ஓயாது, மைனஸ் 30, 40 என்று குளிர். பல வருடம் பல குழுக்கள் முயன்று தோற்று, கடைசியில் 2016 பிப்ரவரி 26ஆம் தேதிதான் சிமோனே மோரோ, அலெக்ஸ் சிகோன், அலி சத்பாரா மூவரும் முதல் குளிர்கால ஏற்றத்தை முடித்தார்கள். அலி சத்பாரா அந்த ஊர்ப் பக்கத்துக்காரர், பாகிஸ்தானி. அவர் பெயரையும் நம்ம பிள்ளைகள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் கேட்ட இருவரில், மலையிலேயே தங்கிவிட்டவர் போலந்துக்காரரான தோமெக் மாட்ஸ்கேவிச். அவருக்கு 2018ல் அது அந்த மலையில் ஏழாவது குளிர்காலம். கூட ஏறிய அந்தப் பெண், பிரான்ஸைச் சேர்ந்த எலிசபெத் ரெவோலும் அதற்கு முன் குளிர்காலத்தில் அங்கே முயன்று திரும்பியவர்தான். இருவருமே ஆல்பைன் முறையில் ஏறினார்கள். அதாவது முன்கூட்டியே கயிறு கட்டி வைப்பதில்லை, வழியில் சாமான் நிரப்பிய முகாம்கள் இல்லை, சுமை தூக்க ஆள் இல்லை, சிலிண்டர் இல்லை. கூடாரமும் சாப்பாடும் தங்கள் முதுகில். இதைப் பெருமையான முறை என்று மலையேறிகள் சொல்வார்கள், நானும் மதிக்கிறேன். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. ஏதாவது ஆனால் கீழே இருந்து ஏறி வர யாரும் இல்லை. இறங்குவதற்குக் கட்டிய கயிறும் இல்லை.

ஜனவரி 25ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணி வாக்கில் அவர்கள் உச்சியில் இருந்தார்கள். சூரியன் மறைந்த பிறகு. குளிர்காலத்தில் எட்டாயிரம் மீட்டருக்கு மேல் அந்த நேரத்தில் இருப்பது மிகவும் தாமதம். மதியத்துக்குள் உச்சியைத் தொடாவிட்டால் தூரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்பதுதான் எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் முதலில் சொல்லித்தரும் பாடம். எத்தனையோ வருடம் கண்ட கனவு கண்ணெதிரே நிற்கும்போது அந்தப் பாடம் காதில் ஏறாது. அதை உட்கார்ந்த இடத்திலிருந்து குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நடந்த எல்லாமே அந்த ஆறு மணியிலிருந்துதான் தொடங்கியது.

உச்சியில் தோமெக் சொன்னது, உன்னைப் பார்க்க முடியவில்லை என்பது. பகலில் லேசாக மூட்டமாக இருந்ததால் அவர் கண்ணாடி போடவில்லை என்று ரெவோல் பின்னால் சொன்னார். பனியில் பட்டுத் திரும்பும் புற ஊதாக் கதிர் மூட்டத்தையும் தாண்டி வந்து கருவிழியைச் சுட்டுவிடும். சுட்ட உடனே தெரியாது. பல மணி நேரம் கழித்துத்தான் எரிச்சலும் பார்வை மங்கலும் வரும். அது வந்த நேரம் உலகின் மிக மோசமான இறக்கம் ஒன்றின் தொடக்கம். அவர் ரெவோலின் தோளைப் பிடித்துக்கொண்டு இருட்டில் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்ட ஆரம்பித்தது. வாயை மூடியிருந்த துணியை விலக்கியபோது வாயில் ரத்தம். மூக்கு, கை, கால் எல்லாம் உறைய ஆரம்பித்திருந்தன. உயரத்தில் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும். அதற்கு ஒரே வைத்தியம் உடனே கீழே இறங்குவது. மருந்தும் ஆக்சிஜனும் இறங்கும் வரை ஆளைப் பிடித்து நிறுத்தத்தான் உதவும்.

ராத்திரி முழுக்க இறங்கி, சுமார் 7,280 மீட்டரில் ஒரு பனிவெடிப்புக்குள் காற்றுக்கு ஒதுங்கினார்கள். விடிந்தபோது அவரால் எழுந்து நடக்க முடியவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்வி இந்த இடத்தில்தான் வருகிறது. ரெவோலிடம் செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் சின்னக் கருவி ஒன்று இருந்தது. அதில் பிரான்சில் இருந்த நண்பர்களுக்கும் மற்றவர்களுக்கும் உதவி கேட்டுச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். திரும்பி வந்த பதில் இது: நீ 6,000 மீட்டர் வரை இறங்கினால் ஹெலிகாப்டர் உன்னை எடுத்துக்கொள்ளும், தோமெக்கை 7,200ல் வந்து எடுப்பார்கள். அதை நம்பித்தான் அவர் இறங்கினார். சாயங்காலம் ஹெலிகாப்டர் வரும், நான் இறங்கியே ஆக வேண்டும், உன்னை வந்து எடுப்பார்கள் என்று தோமெக்கிடம் சொல்லிவிட்டுப் போனார். உடனே ஆள் வரும் என்ற நம்பிக்கையில் கூடாரம், தூங்கும் பை எதையும் எடுக்கவில்லை. அந்த முடிவு தான் தேர்ந்தெடுத்தது அல்ல, தன்மீது சுமத்தப்பட்டது என்று பின்னால் அவர் சொன்னார். நான் அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். அங்கேயே உட்கார்ந்திருந்தால் இரண்டு பேரும் இறந்திருப்பார்கள். அவர் அனுப்பிய செய்திகள் இல்லாவிட்டால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

ஆனால் அந்த வாக்குறுதி நிறைவேறக்கூடியது அல்ல. ஹெலிகாப்டரின் இறக்கைகள் காற்றைக் கீழே தள்ளித்தான் வண்டியைத் தூக்குகின்றன. 7,000 மீட்டருக்கு மேல் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிகூட இல்லை. முன்னோக்கிப் பறந்தால் சமாளிக்கலாம். ஒரே இடத்தில் நின்று ஆளைத் தூக்குவதற்கு அதைவிட அதிகச் சக்தி வேண்டும். அதோடு சுவர் மாதிரிச் செங்குத்தான மலை, கணத்துக்குக் கணம் திசை மாறும் காற்று. 2005ல் டிடியே டெல்சால் எவரெஸ்ட் உச்சியிலேயே ஹெலிகாப்டரை இறக்கிக் காட்டினார் என்பது உண்மை. அது சாமான்களையெல்லாம் கழற்றி எடை குறைத்த வண்டி, நல்ல வானிலைக்குக் காத்திருந்து, பெரும் அனுபவமுள்ள விமானி செய்தது. அதே 2005 ஆகஸ்டில் இதே நங்கா பர்பத்தின் ருபால் சுவரில் ஆறு நாள் சிக்கிக் கிடந்த ஸ்லோவேனியரான தோமாஸ் ஹூமாரைப் பாகிஸ்தான் ராணுவ விமானிகள் சுமார் 6,000 மீட்டரிலிருந்து கயிறு போட்டுத் தூக்கினார்கள். ஆளைத் தூக்கும்போது அவரைப் பனியில் பிணைத்திருந்த கயிறு அவிழாமல் ஹெலிகாப்டரையே இழுத்துப் பிடித்து, அறுந்த பிறகுதான் வண்டி தப்பியது. ஆறாயிரத்திலேயே நிலைமை இது என்றால் ஏழாயிரத்து இருநூறில் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பணமும் ஒரு தடையாக இருந்தது. அங்கே மலை மீட்புக்கு ஹெலிகாப்டர் கேட்டால் பணத்துக்கு யாராவது உறுதி கொடுக்க வேண்டும். பாதுகாப்புக்காக எப்போதும் இரண்டு ஹெலிகாப்டர்கள் சேர்ந்தே பறக்கும் என்பதால் செலவும் இரட்டிப்பு. ரெவோலின் நண்பர்கள் இணையத்தில் நிதி திரட்ட ஆரம்பித்தார்கள், உலகம் முழுக்க முன்பின் தெரியாதவர்கள் பணம் போட்டார்கள், போலந்து அரசும் பொறுப்பேற்றது. இதற்குள் மணிக்கணக்கில் நேரம் போய்விட்டது. 26ஆம் தேதி ஹெலிகாப்டர் வரவில்லை. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இதுதான். மலையில் ஒரு மனிதர் உறைந்துகொண்டிருக்கும்போது கீழே கணக்குப் பேச வேண்டியிருந்தது. முன்கூட்டியே காப்பீடும் முன்பணமும் சரியாக இருந்தால் அந்த மணி நேரங்கள் மிஞ்சியிருக்கும். தோமெக்கை அது காப்பாற்றியிருக்குமா என்றால், காப்பாற்றியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். ரெவோலுக்கு ஒரு ராத்திரி மிச்சமாகியிருக்கும்.

அந்த ராத்திரியை அவர் சுமார் 6,700 மீட்டரில் திறந்த வெளியில் கழித்தார். மூளைக்கு ஆக்சிஜன் போதாத நிலையில் இல்லாததெல்லாம் தெரிய ஆரம்பித்தது. யாரோ சூடாகத் தேநீர் கொண்டுவந்து கொடுப்பதாகவும், அதற்குப் பதிலாகக் காலணியைக் கேட்பதாகவும் தோன்றியிருக்கிறது. அவர் காலணியைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். பல மணி நேரம் அந்தக் கால் வெறும் சாக்ஸோடு அந்தக் குளிரில் இருந்தது. உயர மயக்கம் என்று புத்தகத்தில் படிக்கிறோமே, அது இதுதான். புத்திசாலியான, அனுபவமுள்ள ஒருவர் தன் உயிரைக் காக்கும் காலணியைத் தானே கழற்றும் அளவுக்குப் போகும்.

மீட்பு எங்கிருந்து வந்தது? அதே சமயத்தில் போலந்துக் குழு ஒன்று கிறிஸ்டோஃப் வியெலிட்ஸ்கி தலைமையில், உலகின் இரண்டாவது உயரமான கே2 மலையைக் குளிர்காலத்தில் ஏற முயன்றுகொண்டிருந்தது. கே2வை அதுவரை யாரும் குளிர்காலத்தில் ஏறியதில்லை. 2021 ஜனவரியில்தான் நேபாளிகள் அதைச் செய்தார்கள். அந்தப் பெருமை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது, செய்தி கேட்டதும் குழுவில் எல்லாரும் போகத் தயாராக முன்வந்தார்கள். நான்கு பேர் தேர்வானார்கள்: ஆடம் பியலெட்ஸ்கி, டெனிஸ் உரூப்கோ, யாரொஸ்லாவ் போதோர், பியோத்ர் தொமாலா. போதோர் மருத்துவ உதவியாளரும்கூட. அவர்களால் முடிந்ததற்கு வீரம் மட்டும் காரணம் இல்லை. அவர்கள் அந்தக் குளிர்காலத்திலேயே கே2வில் 6,000 மீட்டர் வரை ஏறி இறங்கி, உடம்பை மெல்லிய காற்றுக்குப் பழக்கி வைத்திருந்தார்கள். இஸ்லாமாபாத்திலிருந்தோ பாரிஸிலிருந்தோ உலகின் சிறந்த மலையேறியைக் கொண்டுவந்து நேராக ஐயாயிரம் மீட்டரில் இறக்கினாலும், அவர் மீட்கப் போக மாட்டார். மீட்கப்பட வேண்டியவர் ஆகிவிடுவார். உடம்பு பழக வாரக்கணக்கில் ஆகும். உலகத்திலேயே அன்றைக்கு அந்த வேலைக்குத் தயாரான உடம்போடு இருந்தவர்கள் இருநூறு கிலோமீட்டருக்குள் இருந்தது ரெவோலின் அதிர்ஷ்டம்.

27ஆம் தேதி வானிலை வழிவிட்ட பிறகு ராணுவ ஹெலிகாப்டர்கள் அவர்களை ஏற்றிக்கொண்டு, சாயங்காலம் ஐந்து மணி சுமாருக்கு நங்கா பர்பத்தில் முதல் முகாமுக்குப் பக்கத்தில், ஏறத்தாழ 4,900 மீட்டரில் இறக்கின. போதோரும் தொமாலாவும் அங்கே தங்கிக் கூடாரமும் மருந்தும் தயார் செய்தார்கள். பியலெட்ஸ்கியும் உரூப்கோவும் இருட்டோடு ஏற ஆரம்பித்தார்கள். விடியும் வரை காத்திருக்கலாமா என்ற பேச்சே இல்லை. கின்ஸ்ஹோஃபர் வழி என்று அதற்குப் பெயர். கல்லாக இறுகிய நீலப் பனிச்சரிவு, அதற்கு மேல் செங்குத்தான பாறைச் சுவர். பழைய குழுக்கள் விட்டுப்போன கயிறுகள் அங்கங்கே தொங்கும். எது தாங்கும், எது வெயிலில் இற்றுப்போனது என்று பகலிலேயே சொல்வது கஷ்டம். நெற்றியில் கட்டிய டார்ச் வெளிச்சத்தில், சுமார் 1,100 மீட்டரை எட்டு மணி நேரத்தில் ஏறினார்கள். சாதாரணமாக அதே தூரத்துக்கு நல்ல குழுக்கள் ஒன்றிரண்டு நாள் எடுத்துக்கொள்ளும்.

மேலே ரெவோலுக்கு ஆள் வரும் விஷயமே தெரியாது. ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. ஆனால் பொழுது சாய்ந்துவிட்டது, காற்றும் எழுந்துவிட்டது, இனி எடுக்க வராது என்று புரிந்தது. மூன்றாவது ராத்திரி வெளியில் கிடந்தால் பிழைக்க மாட்டேன் என்று கணக்குப் போட்டு, இருட்டிலேயே இறங்க ஆரம்பித்தார். கையுறை நனைந்து, கயிற்றைப் பிடிக்கும்போதெல்லாம் விரல் உறைந்தது. அப்படி இறங்கிக்கொண்டிருக்கும்போது கீழே இரண்டு டார்ச் வெளிச்சம் ஏறி வருவது தெரிந்தது. கத்தினார். அவர்களுக்கும் அந்தக் குரல் கேட்டது. நள்ளிரவு தாண்டி இரண்டு மணி வாக்கில், சுமார் 6,000 மீட்டரில் அவர்கள் சந்தித்தார்கள். ரெவோல் மேலேயே உட்கார்ந்திருந்தால் அந்த ராத்திரிக்குள் அவர்களால் எட்டியிருக்க முடியாது. அவர் கிடைத்ததில் பாதி அவருடைய சொந்த உழைப்பு.

இப்போது உங்கள் முதல் கேள்வி. அந்த இடத்திலிருந்து தோமெக் இருந்த பனிவெடிப்பு இன்னும் 1,200 மீட்டருக்கு மேல் உயரத்தில். அவர்கள் முன்னால் இருந்தது கையை உபயோகிக்க முடியாத, நடக்கவே தடுமாறும் ஒரு பெண். அவரைத் தனியாக விட்டால் கயிற்றில் இறங்க முடியாது. உட்கார வைத்தால் விடிவதற்குள் உறைந்துவிடுவார். ஒருவர் கீழே கூட்டிப் போக, ஒருவர் மேலே போகலாம் என்று சொல்லலாம். சரி, போகிறார் என்றே வைப்போம். தூக்கமில்லாமல், வானிலை மோசமாகப் போகிறது என்று தெரிந்தும், தனியாக 7,280 வரை ஏறிவிட்டார். அங்கே நகர முடியாத ஒரு ஆளைத் தனியாக என்ன செய்வார்?

உத்தரகாசியில் நான் மலையேற்றப் பயிற்சி எடுத்தபோது மீட்புப் பாடத்தில், கயிற்றாலேயே ஸ்ட்ரெச்சர் பின்னி, கூடப் படிக்கும் ஒருவரை அதில் கட்டிப் பனிச்சரிவில் நகர்த்தச் சொன்னார்கள். ஒரு பக்கத்துக்கு நான்கு பேர். மேலே நங்கூரம் அடித்துக் கயிற்றைத் தளர்த்திக் கொடுக்க இரண்டு பேர். நல்ல வெயில், நல்ல சாப்பாடு, உயரமும் நாலாயிரத்துக்குள். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவன் ஒல்லியான பையன். இருந்தும் பத்தடிக்கு ஒரு தரம் நிறுத்தி மூச்சு வாங்கினோம். ஒருத்தன் கால் வழுக்கினால் எட்டுப் பேரும் சாய்கிறோம். அன்றைக்குப் பிறகு ஏழாயிரம் மீட்டரில் ஒரு ஆளைத் "தூக்கி வந்திருக்கலாமே" என்று யாராவது சொன்னால், அதற்கு எத்தனை பேர், எத்தனை நாள், எவ்வளவு கயிறு என்று மனசு தானாகக் கணக்குப் போட்டுவிடும். ஏழாயிரத்துக்கு மேல் சுயமாக நகர முடியாதவரைக் குளிர்காலத்தில் இரண்டு பேர் இறக்கியதாக எந்தக் கதையும் நான் கேட்டதில்லை.

அதனால் பியலெட்ஸ்கியும் உரூப்கோவும் எடுத்தது மிகக் கஷ்டமான, ஆனால் சரியான முடிவு. ரெவோலுக்குத் தண்ணீரும் மருந்தும் கொடுத்து, கையுறை மாற்றி, இடுக்கான ஒரு திட்டில் சின்னக் கூடாரத் துணிக்குள் அவரை நடுவில் வைத்து, விடியும் வரை தங்கள் உடம்புச் சூட்டில் காத்தார்கள். வெளிச்சம் வந்ததும் கயிற்றில் ஒவ்வொரு கட்டமாக இறக்கினார்கள். 28ஆம் தேதி மதியத்துக்கு முன் கீழே வந்து சேர்ந்து, ஹெலிகாப்டரில் ஏற்றி, இஸ்லாமாபாத் வழியாகப் பிறகு பிரான்ஸ் மருத்துவமனைக்குப் போனார் ரெவோல். தோமெக்கின் உடல் அந்த மலையில்தான் இருக்கிறது. காப்பாற்றியவர்கள் கே2வுக்குத் திரும்பிப் போனார்கள். அந்த வருடம் அவர்களுக்கு உச்சி கிடைக்கவில்லை. ரெவோல் 2019 மே மாதம் எவரெஸ்டும் லோட்சேவும் ஏறினார்.

"அவள் விட்டுட்டு வந்துட்டா" என்று அன்றைக்கு முகநூலில் எழுதியவர்களில் நம்ம ஆட்களும் உண்டு. அதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது ஒக்கி. அதற்கு இரண்டே மாதம் முன்னால், 2017 நவம்பர் கடைசியில் நம்ம கடற்கரையில் அடித்த புயல். ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் தங்கும் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து விசைப்படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. போனவர்கள் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்று கரையில் யாருக்கும் தெரியாது. தேடச் சொல்லிக் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள் நம்ம ஜனங்கள். கடலைத் தெரிந்த மீனவர்கள் தங்கள் படகை எடுத்துக்கொண்டு தாங்களே தேடப் போனார்கள். அந்தப் புயலில் கூட இருந்தவனைப் பிடித்துக்கொள்ள முடியாமல் தனியாகக் கரை சேர்ந்தவர்கள் நம்ம ஊரில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து யாரும் "ஏன் விட்டுட்டு வந்தே" என்று கேட்டதில்லை. கடல் என்னவென்று நமக்குத் தெரியும். அந்த உயரத்து மலையும் அப்படித்தான் என்பதை மட்டும் புரிந்துகொள்ள வேண்டும்.

கடைசிக் கேள்வி, உங்களுக்கு யார் வருவார்கள் என்பது. இதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் பாலக்காடு மலம்புழைப் பக்கம் சேராடு மலையில் ஒரு இளைஞர் வழுக்கி, செங்குத்துப் பாறையின் நடுவில் ஒரு பொந்தில் மாட்டிக்கொண்டார். கூட வந்தவர்கள் கீழே ஓடி வந்து சொன்னார்கள். அவரும் போனில் தான் இருக்கும் இடத்தைப் படம் எடுத்து அனுப்பினார். கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் வந்து சுற்றிப் பார்த்தது. பாறையை ஒட்டி நெருங்க முடியவில்லை. கடைசியில் நீலகிரி வெலிங்டனிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த ராணுவத்தினர் ராத்திரியோடு மலையேறி, மேலிருந்து கயிற்றில் இறங்கி, தண்ணீர் கொடுத்து, இடுப்பில் பட்டை கட்டி மேலே இழுத்தார்கள். ஏறத்தாழ 45 மணி நேரம் ஆனது. நங்கா பர்பத்தை நினைத்துப் பாருங்கள்: இங்கேயும் ஹெலிகாப்டரால் முடியாததை, இருட்டில் ஏறிய மனிதர்கள் செய்தார்கள். அந்தப் பையன் பிழைத்ததற்கு இன்னொரு காரணம், பொந்திலிருந்து அசையாமல் இருந்தது. வலிந்து இறங்கப் பார்த்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

நம்ம மாவட்டத்தில் பனி இல்லை. ஆபத்து வேறு மாதிரி. பொற்றையடியில் மருத்துவாமலை சின்ன மலைதானே என்று பாட்டில் தண்ணீர்கூட இல்லாமல் பகல் பதினோரு மணிக்கு ஏறுகிறார்கள். மேலே வெறும் பாறை, வெயில் நேராகத் தாக்கும், உடம்பில் தண்ணீர் வற்றித் தலை சுற்றி விழுபவர்கள்தான் அதிகம். நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகை வரைக்கும் வழி ஒழுங்காக இருக்கிறது; படம் எடுப்பதற்காக வழியை விட்டு விலகிப் பாறை விளிம்புக்குப் போகும்போதுதான் காரியம் கெடுகிறது. மழை பெய்து இரண்டு நாள் வரைக்கும் அந்தப் பாறையை நம்பாதீர்கள். காளிகேசம், கீரிப்பாறைப் பக்கம் ஓடையில் இறங்கினால் மேலே மலையைப் பாருங்கள். அங்கே கறுத்திருந்தால் நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் கரையேறிவிடுங்கள். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

தாடகை மலை மாதிரிக் காட்டுக்குள் இருக்கும் இடங்களுக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். சட்டத்துக்குப் பயந்து சொல்லவில்லை. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்ததற்குப் பிறகு விதிகள் கடுமையானது காரணத்தோடுதான். அனுமதி வாங்கினால் நீங்கள் உள்ளே இருப்பது ஒருவருக்காவது தெரியும், கூட ஒரு வழிகாட்டி வருவார். திருட்டுத்தனமாகப் போனவர்கள் சிக்கினால் பயந்துபோய் முதல் சில மணி நேரம் யாருக்கும் சொல்வதில்லை. அந்த நேரம்தான் விலை மதிப்பானது. இப்போது 'ட்ரெக் தமிழ்நாடு' என்று வனத்துறையே 2024லிருந்து நடத்துகிறது. நம்ம மாவட்டத்தில் காளிகேசம் - பாலமோர் பாதையும் அதில் இருக்கிறது. அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

யார் வருவார்கள் என்றால், முதலில் வருவது தீயணைப்பு மீட்புத் துறையும் வனக்காவலர்களும், மலையடிவார ஊர்க்காரர்களும்தான். ராணுவமெல்லாம் அப்புறம். அவர்கள் எவ்வளவு சீக்கிரம் வருவார்கள் என்பது நீங்கள் கிளம்பும் முன் என்ன சொல்லிவிட்டுப் போனீர்கள் என்பதைப் பொறுத்தது. வீட்டில் ஒருவரிடம் எந்த மலை, எந்தப் பக்கத்திலிருந்து ஏறுகிறோம், எத்தனை பேர், எத்தனை மணிக்கு இறங்கிப் போன் செய்வோம் என்று தாளில் எழுதிக் கொடுங்கள். சொன்ன நேரம் தாண்டி ஒரு மணி நேரம் போன் வராவிட்டால் அவர் 112ஐக் கூப்பிட்டு அந்தத் தாளை அப்படியே வாசிக்க வேண்டும். மலையில் யாராவது அடிபட்டு, அவரைத் தவிர இரண்டு பேராவது இருந்தால், ஒருவர் அவரோடு இருக்கட்டும், ஒருவர் சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போகட்டும். போனில் முதலில் இருக்கும் இடத்தை அனுப்புங்கள், பிறகு பேசுங்கள். பாட்டரி எப்போது போகும் என்று தெரியாது. முதுகிலோ கழுத்திலோ அடிபட்டவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். வெளிச்சம் போய்விட்டால் இறங்க முயலாமல் இருந்த இடத்திலேயே, காற்றுக்கு மறைவாக உட்காருங்கள். டார்ச்சை விட்டு விட்டு அணைத்து எரியவிட்டால் கீழே தெரியும், விசில் இருந்தால் இன்னும் நல்லது. விசில் பத்து இருபது ரூபாய்க்கு வடசேரியில் எந்த விளையாட்டுச் சாமான் கடையிலும் கிடைக்கும். ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.